அடி விழாத வீட்டில் நடப்பது என்ன? சொல்வன்முறையையும் மனவன்முறையையும் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

"அவர் இதுவரை கை நீட்டியதே இல்லை" என்ற சொற்களோடுதான் பலர் தங்கள் வீட்டுத் துன்பத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அடி விழாத வீட்டில் வன்முறை இருக்க முடியாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதால், தங்களுக்கு நேர்வதை எந்தச் சொல்லால் குறிப்பது என்றே தெரியாமல், "கோபக்காரர்தான், ஆனால் மனசு தங்கம்" என்றோ "வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றோ அதை மூடிவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உடல் வன்முறை, பாலியல் வன்முறை, பொருளாதார வன்முறை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் சொல் வழியும் மன வழியும் இழைக்கப்படும் வன்முறையை வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26 அன்று. இத்தனை ஆண்டுகள் கழித்தும் வீட்டுக்குள் அந்த வரிசை வந்து சேரவில்லை; அடிதான் குற்றம், மற்றதெல்லாம் குணம் என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தன் வீட்டில் நடப்பது என்ன என்று முதல்முறையாக யோசிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். திருமண உறவையும் தமிழ்நாட்டையும் மையமாக வைத்தே எழுதுகிறேன். பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையே, காதலர்களுக்கு இடையே, கூட்டுக் குடும்பத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே நடப்பவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். படிகளாகப் பிரித்திருந்தாலும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டியதில்லை. ஆனால், கொலை மிரட்டல், கழுத்தை நெரித்தல், ஆயுதத்தைக் காட்டுதல், வீட்டுக்குள் பூட்டி வைத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடந்திருந்தால் படிகள் காத்திருக்கட்டும்; முதலில் 112 என்ற அவசர உதவி எண்ணையோ 181 என்ற பெண்கள் உதவி எண்ணையோ அழையுங்கள்.

முதல் படி: சண்டையைத் தனியே எடுத்து வையுங்கள்

சண்டையே இல்லாத குடும்பம் கிடையாது. குரல் உயர்வதும், சொல்லக் கூடாத ஒரு சொல் வாயில் வந்துவிடுவதும், இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொள்வதும் மட்டுமே வன்முறை ஆகிவிடா. 2007இல் உச்ச நீதிமன்றம், கணவர் ஒருவர் தொடுத்த விவாகரத்து வழக்கில், மனக் கொடுமை என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்தியபோது இந்த எல்லையைத்தான் கவனமாக வகுத்தது: அன்றாடக் குடும்ப வாழ்வில் இயல்பாக எழும் சிறு உரசல்களும், எப்போதோ ஒருமுறை நடந்த நிகழ்வுகளும் கொடுமை ஆகமாட்டா, ஆனால் இழிவுபடுத்தும் நடத்தை நீண்ட காலம் தொடர்ந்து, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு உறவைச் சிதைத்துவிட்டால் அது மனக் கொடுமை.

ஆகவே ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "இது வன்முறையா, இல்லையா" என்று கேட்பதால் பயனில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வது குறை. "உங்க வீட்டில் இதைக்கூடச் சொல்லிக் கொடுக்கலையா" என்று கேட்பது குத்தல். அதே கேள்வி உப்புக்கும், பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும், தாமதமாக வந்த எரிவாயு உருளைக்கும், விருந்தினர் முன்னிலையிலும், வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தால், அங்கே பேச்சு உப்பைப் பற்றியதல்ல. ஒருவர் மற்றவரின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய வழி, சண்டை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான். சண்டை என்றால் இருவரும் கத்துவார்கள், இருவரும் இறங்கி வருவார்கள், சில சமயம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார், சில சமயம் மற்றவர் கேட்பார். வன்முறை உள்ள உறவில் எப்போதும் ஒருவரே மன்னிப்புக் கேட்கிறார். தான் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலேயே, வீடு அமைதியானால் போதும் என்பதற்காகக் கேட்கிறார். இன்னொன்றையும் பாருங்கள்: அவர் உங்களிடம் சொன்ன அதே சொல்லை, அதே தொனியில், நீங்கள் அவரிடம் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்? அந்த எண்ணமே வயிற்றைக் கலக்கினால், அங்கே சண்டையிட இரண்டு தரப்புகள் இல்லை.

இரண்டாம் படி: நடப்பதற்குப் பெயர் வையுங்கள்

இதற்கான சொற்கள் ஆங்கிலத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீடுகளில் புழங்கும் பேச்சுத் தமிழ், இந்த வன்முறையின் பெரும்பாலான வகைகளுக்குத் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது. நாம் அவற்றை வன்முறையின் பெயர்களாகக் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

குத்திக்காட்டுவது என்றால், உங்கள் குறை ஒன்றை, அதுவும் நீங்களே வருந்திக்கொண்டிருக்கும் குறையை, வலிக்கும் நேரம் பார்த்து எடுத்துக் காட்டுவது. சொல்லிக்காட்டுவது வேறு: உங்களுக்குச் செய்த உதவியை, உங்கள் தங்கை திருமணத்துக்குக் கொடுத்த பணத்தை, நீங்கள் படுத்திருந்தபோது பார்த்துக்கொண்டதை, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நினைவூட்டி, கடன்பட்டவராகவே உங்களை நிற்க வைப்பது. ஜாடை பேசுவது, உங்களிடம் நேரடியாகச் சொல்லாமல், பிள்ளையிடமோ தொலைபேசியிலோ சுவரிடமோ உங்கள் காதில் விழும்படி சொல்வது, நீங்கள் கேட்டால் "உன்னையா சொன்னேன்?" என்று கைகழுவ அதில் வசதி இருக்கிறது. மட்டம்தட்டுவது, நீங்கள் மகிழ்ச்சியோடு சொல்லும் எதையும், பதவி உயர்வோ புதிதாகக் கற்ற தையல் வேலையோ, ஒரே வரியில் ஒன்றுமில்லாமல் ஆக்குவது. கரித்துக்கொட்டுவது, காலையில் எழுந்ததிலிருந்து நிறுத்தாமல் தொடரும் வசவு. இதில் தனியாக எந்த ஒரு வாக்கியமும் பெரிதாகத் தெரியாது, நாள் முழுவதையும் சேர்த்தால்தான் கனம் தெரியும்.

முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கோபம் தணிய ஒரு மாலை விலகி இருப்பது இயல்பு, அது நல்லதும்கூட. ஆனால் பத்து நாள், பதினைந்து நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், நீங்கள் காலில் விழும்வரை அப்படியே இருப்பது தண்டனை. சத்தமே இல்லாத தண்டனை என்பதால் வெளியே சொன்னால், "பேசாமல்தானே இருக்கிறார், நிம்மதி என்று நினைத்துக்கொள்" என்று சிரிப்பார்கள்.

நம் பேச்சில் தனிப்பெயர் இல்லாத ஒரு வகையும் உண்டு. எல்லாவற்றிலும் அது கொடியது என்று நினைக்கிறேன். நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதிப்பது. "நான் எப்போது அப்படிச் சொன்னேன்? உனக்குப் புத்தி பிசகிவிட்டது" என்று ஒருமுறை கேட்டால் கோபம் வரும், நூறு முறை கேட்டால் உங்கள் நினைவின்மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். சிலர் தொலைபேசியில் வந்த செய்திகளை மீண்டும் மீண்டும் எடுத்துப் படித்து, தாங்கள் கற்பனை செய்யவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தால் அதை ஓர் அடையாளமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் சில பெயர்களைக் குறிப்பாகச் சொல்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவமதித்தல், ஏளனம் செய்தல், சிறுமைப்படுத்துதல், பட்டப்பெயர் வைத்துத் திட்டுதல் ஆகியவற்றோடு, பிள்ளை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ இழித்துப் பேசுவதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியவரை, உங்கள் தாயையோ தம்பியையோ பிள்ளையையோ, அடிப்பேன் என்று மீண்டும் மீண்டும் மிரட்டுவதும் அதில் அடங்கும். சட்டத்தின் கீழ் 2006இல் வெளியான விதிகளோடு இணைந்த படிவங்கள் இன்னும் விரிவாகச் செல்கின்றன: ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு பேசுவது, வரதட்சணை கொண்டுவரவில்லை என்று இழிவாகப் பேசுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்கவிடாமல் தடுப்பது ஆகியவை அங்கே மனவன்முறை என்றே பட்டியலிடப்பட்டுள்ளன. "நான் செத்துப்போவேன்" என்ற மிரட்டலும் அவற்றில் இருக்கிறது. இந்த மிரட்டலை யார் சொன்னாலும் உண்மையாகவே எடுத்துக்கொண்டு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ உடனே அழையுங்கள். உயிருக்கு ஆபத்து கண்முன் இருந்தால் 112. அதே சமயம், நீங்கள் தாய்வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் அந்த வாக்கியம் வருமானால், அவருக்கு உதவி தேடித் தருவது வேறு, அவர் சொல்வதற்கெல்லாம் கட்டுப்படுவது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பேச்சுக்கு வெளியே இருக்கும் கட்டுப்பாட்டைப் பாருங்கள்

திட்டு எப்போதும் தனியாக வருவதில்லை. பெரும்பாலும் ஒரு கட்டுப்பாட்டுக்குக் காவலாக வருகிறது. தேசிய குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை குறித்த பகுதியில், திருமணமான பெண்களிடம் கணவரின் நடத்தை பற்றிச் சில கேள்விகள் கேட்கிறார்கள். வேறு ஆணிடம் பேசினால் அவர் பொறாமையோ கோபமோ கொள்கிறாரா, நடத்தை தவறியவள் என்று அடிக்கடி குற்றம் சாட்டுகிறாரா, தோழிகளைச் சந்திக்க அனுமதிக்க மறுக்கிறாரா, பிறந்த வீட்டோடு தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்த நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா, பணத்தை நம்பிக் கொடுக்க மறுக்கிறாரா. மனவன்முறை என்று அதே ஆய்வு எடுத்துக்கொள்பவை மூன்று: பிறர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவது, உங்களையோ உங்களுக்கு நெருக்கமானவரையோ துன்புறுத்துவதாக மிரட்டுவது, அவமதித்து உங்களைப் பற்றி நீங்களே தாழ்வாக எண்ணும்படி செய்வது. ஒரு தாளில் இந்த ஒன்பதையும் எழுதி, "எப்போதும், சில சமயம், இல்லை" என்று எதிரே குறித்துப் பாருங்கள். ஆணாக இருந்தாலும் கேள்விகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இதைச் செய்யலாம்.

இவற்றில் பலவும் தொடக்கத்தில் அக்கறை போலத்தான் தோன்றும். திருமணமான புதிதில் "பஸ் ஏறிட்டியா, இறங்கிட்டியா" என்று வரும் அழைப்பு இனிமையானது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பேருந்து இருபது நிமிடம் தாமதமானதற்கு நடத்துநர் கொடுத்த பயணச்சீட்டைச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தால் அது விசாரணை. இன்று இந்த விசாரணையைப் பெரும்பாலும் கைப்பேசியே செய்துவிடுகிறது: பகிரப்பட்ட இருப்பிடம், இன்னொரு கருவியில் இணைக்கப்பட்ட வாட்ஸ்அப், கடவுச்சொல்லைத் தர மறுத்தால் "அப்படி என்ன மறைக்கிறாய்" என்ற கேள்வி.

பணத்தைப் பற்றித் தனியாக ஒன்று. உங்கள் சம்பளம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது? மாதவிடாய்த் துணிக்கும் மாத்திரைக்கும்கூடக் கணக்குச் சொல்லிப் பணம் கேட்க வேண்டியிருக்கிறதா? திருமணத்தில் உங்களுக்குப் போட்ட நகை எந்த வங்கியில், யார் பெயரில் அடகு வைக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சீதனத்தை, அதாவது திருமணத்தில் உங்களுக்கென்று வந்த நகையையும் பொருளையும், உங்கள் கைக்கு வராமல் வைத்துக்கொள்வதும், வீட்டுச் செலவுக்குத் தேவையானதைத் தராமல் இருப்பதும் சட்டத்தில் பொருளாதார வன்முறை. "சம்பாதிக்கத் துப்பில்லாதவள்" என்ற வசவும், வேலையை விடச் சொன்ன கட்டளையும் ஒரே வாயிலிருந்து வந்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

நான்காம் படி: உங்களை அளந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். இதுவரை பார்த்ததெல்லாம் எதிரில் இருப்பவரின் நடத்தை. அதை எப்போதும் வேறுவிதமாக விளக்கிவிட முடியும். அலுவலக நெருக்கடி, குடி, சர்க்கரை நோய், அவர் வளர்ந்த விதம் என்று காரணங்கள் தீராது, அவற்றில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனால் உங்களிடம் ஏற்பட்டிருக்கும் மாற்றத்தை அந்தக் காரணங்களால் மறைக்க முடியாது.

வாசலில் இருசக்கர வண்டி நிற்கும் ஒலி கேட்டதும் உங்கள் உடல் என்ன செய்கிறது? தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறீர்களா, பிள்ளையைப் புத்தகம் எடுக்கச் சொல்கிறீர்களா, அண்ணனோடு பேசிக்கொண்டிருந்த அழைப்பை "அப்புறம் பேசறேன்" என்று துண்டிக்கிறீர்களா? கடையில் நூறு ரூபாய் கூடுதலாகச் செலவானதும் வீடு வந்து சேர்வதற்குள் சொல்ல வேண்டிய பதிலை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்த நிறத்தில் புடவை எடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று? சிரித்துப் பேசும் தோழி ஒருத்தியை, அவள் வந்துபோன பிறகு நடக்கும் விசாரணைக்குப் பயந்து, நீங்களே மெல்ல வெட்டிவிட்டீர்களா?

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே நீங்கள் உங்களைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறீர்களா என்பதே இங்கே கேள்வி. முதல் ஆண்டு திட்டினார், இரண்டாம் ஆண்டு முறைத்தார், இப்போது ஒன்றும் செய்வதில்லை, "திருந்திவிட்டார்" என்று சிலர் சொல்வார்கள். அவர் திருந்தியிருக்கலாம். அல்லது திட்டுவதற்குத் தேவையே இல்லாத அளவுக்கு நீங்கள் பழகிவிட்டிருக்கலாம். இரண்டில் எது என்று தெரிய வேண்டுமானால், கடைசியாக அவர் முன்னிலையில் "எனக்கு இது வேண்டாம்" என்று நீங்கள் சொன்னது எப்போது என்று நினைத்துப் பாருங்கள். சோதித்துப் பார்ப்பதற்காகப் புதிதாக மோதலைத் தொடங்க வேண்டாம், நினைவே போதும்.

தூக்கமின்மை, காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, எதிலும் மனம் ஒட்டாத நிலை, பிள்ளைமேல் எரிந்துவிழுவது ஆகியவை கூடவே வரலாம். இவற்றுக்கு வேறு நோய்க் காரணங்களும் இருக்க முடியும் என்பதால் மருத்துவரைப் பாருங்கள்; பார்க்கும்போது வீட்டு நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மருத்துவக் குறிப்பில் அது பதிவாவது பின்னால் உதவும்.

ஐந்தாம் படி: நல்ல நாட்களையும் கணக்கில் எடுங்கள்

பெரும்பாலோர் குழம்பிப்போகும் இடம் இது. எல்லா நாளும் கொடுமையாக இருந்தால் அடையாளம் காண்பது எளிது; ஆனால் நேற்று வாய்க்கு வந்தபடி பேசியவர் இன்று மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கி வருகிறார், குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார், கண் கலங்குகிறார். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார்: இறுக்கம் கூடிக்கொண்டே வரும் காலம், வெடிப்பு, பிறகு வருத்தமும் பாசமும் பொழியும் காலம், மீண்டும் இறுக்கம். எல்லா வீட்டிலும் இந்த வரிசை அப்படியே அமைவதில்லை; சில வீடுகளில் பூவும் கிடையாது, அல்வாவும் கிடையாது. ஆனால் அமைந்திருக்கும் வீட்டில், அந்த இனிய நாட்கள் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அவர் உண்மையிலேயே வருந்தக்கூடும் என்பதுதான் அதைக் கடினமாக்குகிறது. ஆகவே வருத்தம் உண்மையா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, வருத்தத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று மட்டும் பாருங்கள். "நீ அப்படிப் பேசியதால்தான் எனக்குக் கோபம் வந்தது" என்று முடியும் மன்னிப்பு, பழியை உங்கள் தலையில் இறக்கி வைக்கிறது.

ஆறாம் படி: முப்பது நாள் குறித்து வையுங்கள்

நினைவு வலியை மங்கச் செய்யும். நடந்ததை நடக்கவே இல்லை என்று அவர் சாதிப்பது அதைக் குழப்பவும் செய்யும். ஆகவே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, அப்போது உடனிருந்தவர் யார், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். "மிகவும் மோசமாகப் பேசினார்" என்று எழுதாமல், பேசிய வாக்கியத்தையே எழுதுங்கள், அது எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும். நல்ல நாட்களையும் எழுதுங்கள். அப்போதுதான் அது உங்களுக்கே நேர்மையான கணக்காக இருக்கும். முப்பது நாள் கழித்து மொத்தமாகப் படிக்கும்போது, தனித்தனியே சில்லறையாகத் தெரிந்தவை ஒரு தொடராக நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

எங்கே எழுதுவது என்பது எழுதுவதைவிட முக்கியம். மெத்தைக்கு அடியில் இருக்கும் நாட்குறிப்பு ஆபத்தானது. அலுவலக மேசையில் வைக்கலாம், நம்பிக்கையான அக்காவுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டு உங்கள் பக்கத்தில் அழித்துவிடலாம், பால் கணக்கு நோட்டில் உங்களுக்கு மட்டும் புரியும் குறிகளாகப் போடலாம். கைப்பேசியில் எழுதுவதற்கு முன், வாட்ஸ்அப் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கருவி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசித்து, வேறொருவரின் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள்.

மிரட்டல் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். கணவன் மனைவிக்கு இடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் மண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பதிவு செய்யும்போது பிடிபட்டால் நேரக்கூடியதை எந்தத் தீர்ப்பும் தடுக்காது என்பதால், பதிவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துக் குறிப்பு போதும் என்பதே என் கருத்து.

ஏழாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள், ஆனால் ஆளைத் தேர்ந்து சொல்லுங்கள்

நம் ஊரில் இதற்கு முதலில் கூடுவது பெரியவர்கள் பஞ்சாயத்து. இரு வீட்டாரும் உட்கார்ந்து, காப்பி குடித்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிக் கலைவார்கள். இரண்டு பேரும் சமமாகச் சண்டையிடும் வீட்டில் இது உதவக்கூடும். ஒருவர் மட்டும் பயந்து வாழும் வீட்டில், வெளியே சொன்னதற்கான தண்டனை அன்று இரவே தொடங்கும். பஞ்சாயத்தைத் தவிர்க்க முடியாது என்றால், பொதுவாகக் குறை சொல்லாமல், மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு சொல்லுங்கள். அன்றிரவு எங்கே தங்குவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தம்பதியாக உளவியல் ஆலோசனைக்குப் போவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதல் சந்திப்பையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்களால் உண்மையைச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண் இலவசமாக, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று அதற்கு நிபந்தனை இல்லை; "இது வன்முறையா என்று தெரியவில்லை" என்று கேட்பதற்காகவும் அழைக்கலாம். அழைத்த பின் எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். மத்திய அரசு திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஆலோசனை, மருத்துவ உதவி, சட்ட உதவி, சில நாட்கள் தங்கும் இடம் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாக, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை அவர் தயாரிப்பார், அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான எண் 15100.

சட்டம் எதைத் தரும், யாருக்குத் தரும்

நீதித்துறை நடுவரிடம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனு கொடுத்தால், சிறைக்கு அனுப்பு என்று கேட்பதாகப் பொருளில்லை. பலர் தயங்குவது இந்தத் தவறான எண்ணத்தால்தான். மீண்டும் வன்முறை செய்யாதே என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டிலிருந்து வெளியேற்றாதே என்ற வசிப்பிட ஆணை, செலவுக்குப் பணம், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, மன வேதனைக்கு இழப்பீடு ஆகியவற்றையே கேட்கிறீர்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற தண்டனை வருகிறது. மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

"இது எங்கப்பா வீடு, வெளியே போ" என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. மாமனார் பெயரில் உள்ள வீடும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், பகிர்ந்து வாழும் இல்லமாக, அதாவது நீங்கள் வசிக்கும் உரிமை கேட்கக்கூடிய வீடாக, கருதப்படலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்த வரையறையை 2016இல் அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே மாமியார்மீதோ நாத்தனார்மீதோ மனு கொடுக்கவும் வழி உண்டு. கொடுமை என்ற குற்ற வழக்கு தனி: முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்று அறியப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது, மனநலத்துக்கு இழைக்கப்படும் கடும் கேடும் அதன் வரையறையில் உண்டு.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனுதாரர் பெண்ணாகத்தான் இருக்க முடியும். மனைவியின் சொல்வன்முறைக்கு ஆளாகும் ஆண்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதும் உண்மை. அவர்களுக்கு இன்று நேரடியான வழி, மனக் கொடுமையைக் காரணமாகக் காட்டிக் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகுவது. பிள்ளைகளின் ஏச்சுக்கு ஆளாகும் முதியோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். இலங்கையில் வாழ்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மனவன்முறை என்பதை அது கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தையின் ஒரு தொடராகவே வரையறுக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 1938.

கிளம்புவதென்று முடிவெடுத்தால்

முடிவெடுத்ததைச் சண்டையின் நடுவே அறிவித்துவிடாதீர்கள். அதுவரை கை நீட்டாதவர்கூட, ஆள் கையைவிட்டுப் போகிறார் என்று தெரியும் நேரத்தில் கை நீட்டக்கூடும். ஆதார், குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், நகை ரசீது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை முன்கூட்டியே வெளியே ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயரில் மட்டும், வேறு வங்கியில், ஒரு கணக்கு. மாத்திரைகள், கொஞ்சம் ரொக்கம். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரோடு ஓர் அடையாளச் சொல்லை முடிவு செய்துகொள்ளலாம், "தயிர் இருக்கா?" என்று கேட்டால் அவர் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பது போல.

கிளம்பாமல் இருக்க முடிவெடுப்பவர்களும் உண்டு. பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தேர்வு, தாயின் நோய், கையில் பணமின்மை என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. அது கோழைத்தனம் அல்ல. மேலே சொன்ன ஆவணமும் கணக்கும் குறிப்பேடும் அவர்களுக்கும் வேண்டியவைதான்.

உங்களிடம் ஒருவர் வந்து இதைச் சொன்னால், ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தனக்குள் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டுதான் உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். இன்று இரவு வீட்டில் யார் இருப்பார்கள், போகலாமா, இங்கேயே தங்குகிறாயா, உன் கைப்பேசியை வேறு யாராவது பார்ப்பார்களா என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு, அவர் சம்மதித்தால், 181ஐ உங்கள் எண்ணிலிருந்து அழைத்து அவர் கையில் கொடுங்கள்.